எங்கள் என்ற ஒரு சொல்

டொரண்டோ, அக்டோபர் 1967

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் நலம். அம்மாவின் இருமல் குறைந்ததா?

பள்ளி விழாவில் வாசிக்க, நம் லக்ராஸ் பந்தாட்டம் பற்றிய என் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1876இல் நம் கானவாகே ஆண்கள் கப்பலேறிப் போய் இங்கிலாந்தில் ஆடிய கதை. ஒத்திகையில் பிரிங்கிள் டீச்சர் வலை கட்டிய பழைய லக்ராஸ் மட்டை ஒன்றை நீட்டினார்.

"நீதான் அந்த ஊர்ப் பொண்ணாச்சே, செலினா. இதைப் பிடிச்சுக்கிட்டு வாசி."

"எங்க மொஹாக் இனத்துப் பொம்பளைங்க மட்டையைத் தொடமாட்டாங்க, டீச்சர்."

"ஏன், கடிச்சிடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். வீடு பெருக்கும்போதுகூட உங்கள் மட்டையைத் தொடாமல் சுற்றிப் பெருக்குகிறவள் நான். படைத்தவர் ஆண்களுக்கென்று தந்த புனித ஆட்டம் இது என்று இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

கட்டுரை என் வகுப்பு டோரதியிடம் போனது. விழா மேடையில் அவள் மட்டையோடு நின்று, நான் "எங்கள் ஆண்கள்" என்று எழுதிய இடத்திலெல்லாம் "அந்த ஆண்கள்" என்று வாசித்தாள். மூன்றாம் முறை, கீழேயிருந்து "எங்கள்" என்று உரக்கத் திருத்திவிட்டேன். அதற்குத் தண்டனையாக விடுதிச் சமையலறையில் ஒரு வாரம் தட்டு கழுவுகிறேன். வெந்நீர்தான், சிரமமில்லை.

டீச்சருக்கு நீங்களே காரணத்தை எழுதுங்கள். நான் சொன்னால் சாக்கு என்கிறார். அம்மா வேகவைக்கும் சோள ரொட்டியும் அனுப்புங்கள், சின்னத் துண்டு போதும்.

கட்டுரையை உங்களுக்காக மறுபடி எழுத உட்கார்ந்தேன். முதல் "எங்கள்" எழுதி முடிப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.