தோள் வலி

என் தங்கத்துக்கு,

போனில் சொன்னால் திட்டுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை டிவியில் பார்த்திருப்பாய். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் நம் புதுக் குவாட்டர்பேக், சின்னப் பையன் கோல்பி, முதல் பாதியிலேயே மூன்று தடவை பந்தை எதிரணிக்காரன் கையில் எறிந்தான். அரங்கமே அவனை வெளியே எடுக்கச் சொல்லி, மாற்று ஆளான என் பெயரைக் கத்தியது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை!

கோச் என்னிடம் வந்தார். "என்னப்பா, இறங்குறியா?"

"தோள் வலிக்குது கோச். அவனே ஆடட்டும்."

ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கோல்பியையே திரும்ப அனுப்பினார். என்னை இரண்டாம் வருஷமே பெஞ்சில் உட்காரவைத்தார்கள், ஞாபகமிருக்கிறதா? அதற்குப் பிறகு எனக்குப் பயமில்லாமல் எறியவே வரவில்லை. அந்தப் பையனுக்கும் அப்படி ஆகவேண்டாம்.

எதிரணி நெருங்காமல் கோல்பியை மறைத்து நிற்கும் ஹார்லன், அந்த மலை, பையன் ஹெல்மெட்டில் தட்டினான். "இன்னும் மூணு தடவை தப்பா எறிடா. உன்மேல எவன் கை வைக்கிறான்னு பாத்துடலாம்!"

தோற்றோம். ஆனால் கோல்பி எறிந்த அந்தக் கடைசிப் பந்து! என்ன அழகு, பார்த்தாயா?

வசந்தத்தில் ஒழுகும் கூரையைச் சரிசெய்ய ஆள் தேடாதே. இந்த வருஷத்தோடு ஆட்டம் போதும்; இனி வீட்டில்தான் இருப்பேன், நானே ஏறுகிறேன். கடையில் யாராவது கேட்டால் மட்டும், தோள் இன்னும் சரியாகவில்லை என்று சொல். சிரித்துவிடாதே.

திடகாத்திரமான
உன் கிழவன்