கட்டிய கால்விரல்கள்

1955 ஆடி, செவ்வாய் இரவு. சித்தூர் ஆஸ்பத்திரி.

என் மூத்திரப்பைக் கல்லை எடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே ஆபரேஷன்தான். அவருக்கு ஈதர் மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். விழித்ததிலிருந்து, "ஒண்ணுக்கு முட்டுது, கொழாயப் புடுங்குங்கடா" என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கு முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. குழாயில் சொட்டுவது யாருடைய நீரோ என்று பார்த்தபடியே கண்ணயர்ந்தேன்.

ஒப்பாரி கேட்டு விழித்தேன். "கிள்ளிக்கினே கீறேன், கால் அசையலியே! என்னை உட்டுட்டுப் போய்ட்டியே!" என் மனைவிதான். முந்தானையைக் கிழித்து என் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். நான் பேசியதும் அலறினாள். பிறகு அவசரமாக அவிழ்த்தாள்.

இப்போது மரப்பு விட்டு எனக்கும் குழாய் எரிகிறது. எரிய எரிய நிம்மதியாக இருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில்தான் வெகுநேரமாகச் சத்தமில்லை. அவர் கால் கட்டைவிரல்களைப் பார்க்க வேண்டும். முதுகில் ஊசி போட்டவன் தலையைத் தூக்கக் கூடாதென்று டாக்டர் உத்தரவு.