சொல்லாமல் வாங்கிய வேலை

அக்கா,

இன்று காலை யன்னலைத் திறந்ததும் கீழ்வீட்டு பல்கனியிலிருந்து அந்த மணம் ஏறி வந்தது. எட்டிப் பார்த்தேன். கணவனும் மனைவியும் வெயிலில் கதிரை போட்டிருந்து கஞ்சாச் செடியின் இலைகளை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு மூன்று செடி வளர்க்க இப்போது சட்டமே விடுகிறது. என்னைக் கண்டதும் அவள் கையசைத்து, சரியான அலுப்புப் பிடித்த வேலை என்று ஜெர்மன் மொழியில் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யன்னலைச் சாத்திவிட்டு உங்களோடு சண்டை பிடிக்க இந்தக் கடிதத்தோடு இருக்கிறேன்.

அது எவ்வளவு அலுப்பென்று எனக்குத் தெரியாதா? தொண்ணூறுகளின் நடுவில், ஸ்டுட்கார்ட்டின் அந்த மேட்டுத்தெரு வீட்டில், நானும் இவரும் இரண்டாம் மாடி, நீங்கள் தனியாக நான்காம் மாடிக் கூரையறை. உங்களுக்குப் புற்றுநோய் என்று மருந்தேற்றத் தொடங்கியிருந்தார்கள். ஒருநாள் படியில் மறித்தீர்கள். "பிள்ளை, கசாயத்துக்குக் கொஞ்சம் மருந்துக் கன்று வைச்சிருக்கிறன். எனக்குக் குனிய ஏலாது. ஒருக்கா வந்து பாரும்."

அந்த ஒருக்கா ஏழு மாதம் நீண்டது.

கூரையறையில் தண்ணீர்க் குழாய் இல்லை. இவர் வேலைக்குப் போனதும் கீழிருந்து வாளி வாளியாகச் சுமந்தேன். இலைகளுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி வந்தது. ஒவ்வொரு இலையையும் திருப்பி ஈரத்துணியால் துடைக்கவைத்தீர்கள். கடைசி இலை முடிய முதல் இலையில் மறுபடி பூச்சி. பழைய மண்ணைப் பையில் கட்டி இறக்கும்போது படியில் இரண்டு பொட்டு விழுந்தாலும் கீழ்வீட்டுக் கிழவி கதவைத் திறந்து, இந்த வாரம் படி துடைக்கிற முறை யாருடையது என்று கத்துவாள். திரும்பப் போய் நான்கு மாடிப் படியும் துடைப்பேன்.

எல்லாவற்றிலும் கொடுமை நறுக்குகிற வேலைதான். பூவைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்ன இலைகளை ஒவ்வொன்றாக வெட்டவேண்டும். கத்தரிக்கோல் பிசினில் ஒட்டிக்கொள்ளும். கழுத்து விறைக்கும். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போகும். சமையல் எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. நீங்கள் கட்டிலில் சாய்ந்திருந்து, "மற்றப் பக்கமும் பாரும் பிள்ளை" என்பீர்கள்.

அந்த விரல்களோடுதான் தற்காலிக வதிவிட அனுமதியை நீட்டிக்க வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். காத்திருக்கும் அறைச் சுவரில் போதைப்பொருள் பற்றிய அறிவித்தல் ஒட்டியிருந்தது. அதில் பெரிதாக ஒரு இலைப் படம். விரித்த கை போன்ற அதே இலை. மாதக்கணக்காக நான் துடைத்த இலை. கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டு உள்ளே போனேன். அங்கிருந்த அதிகாரி கையெழுத்துக் கேட்டபோது கறுத்த நுனி தெரியாதபடி விரலை மடக்கிப் பேனையைப் பிடித்தேன்.

வந்த வேகத்தில் நான்கு மாடியும் ஏறினேன்.

"அக்கா, இது கஞ்சாவோ?"

"ஓம்."

"என்ரை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. பிடிச்சா என்னையும் இவரையும் ஊருக்குத் திருப்பி அனுப்புவாங்கள். தெரியாதோ உங்களுக்கு?"

"தெரியும். அதுதான் சொல்லேல்லை. தெரியாமல் செய்தால் உம்மிலை பிழை வராதெண்டு நினைச்சன்."

"என்ரை விரலைப் பாருங்கோ! எனக்குத் தெரியாதெண்டால் ஆர் நம்புவான்?"

நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். "டொக்டர் தந்த குளிசை ஒண்டும் கேக்கேல்லை. வேலைத்தலத்திலை ஒருத்தி விதை தந்தவள். அதுக்குப் பிறகுதான் வாந்தி நிக்குது. ரெண்டு வாய் சோறு இறங்குது."

கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். இவருக்கும் சொல்லவில்லை. பதினொரு நாள் உங்கள் பக்கம் திரும்பவில்லை. பன்னிரண்டாம் நாள் படி துடைத்துக்கொண்டிருக்கும்போது மேலே யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. நீங்கள் மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு போத்தல் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தீர்கள். தலையில் முடி இல்லை. என்னைக் கண்டதும் போத்தலைச் சேலைக்குள் மறைத்தீர்கள், களவெடுத்த ஆள் போல.

அதைப் பறித்துக்கொண்டு மேலே போய் ஊற்றினேன். அந்தமுறைப் பூவையும் நானே வெட்டினேன். நீங்கள் ஒருதரம் நன்றி சொன்னீர்கள். கேட்காதது போல இருந்தேன்.

அடுத்த மாசியில் ஆஸ்பத்திரியில் போய்விட்டீர்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் உங்களை வாய் நிறையப் புகழ்ந்தார்கள், ஒருவருக்கும் கரைச்சல் குடுக்காத மனிசி என்று. மிச்சக் கன்றுகளை வேரோடு பிடுங்கி, சட்டிகளைக் கழுவி, ஐந்து தரம் மண் இறக்கி, அந்த அறையைத் துடைத்துக் கொடுத்தது நான்.

பிறகு நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், வேறு வீட்டுக்கு வந்தோம். கோபம் மட்டும் ஆறவில்லை. வேலைக்காக இல்லை அக்கா. பயத்துக்காகக்கூட இல்லை. நீங்கள் என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேனா, அல்லது பயந்து கதவைச் சாத்தியிருப்பேனா? கேட்காமலே போனதால் நான் எப்படிப்பட்டவள் என்பது எனக்கே இன்றுவரை தெரியாது.