கனகதாஸ் ஒப்பித்த சங்கீதம்

ஜனவரி 11, ஞாயிறு

சர்ச்சில் இன்று தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தை என் வீட்டுக்காரர் கனகதாஸ் வேதப்புத்தகத்தைத் திறக்காமலே ஒப்பித்தார். ஒரு சொல் பிசகவில்லை. அது போதுமே! வாசலில் அவருடைய அக்கா தங்கபாய் மைனி எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டியா ஓமனா? இவனுக்காக்கும் மறதி தீனம்! ஊரெல்லாம் சொல்லி குடும்பத்த நாறடிச்சிட்டு நடக்கிய."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் இவர் கேட்கிறார், "இண்ணு சர்ச்சுக்குப் போகண்டாமா?"

இதை யார் பார்த்தார்கள்? நான் மட்டும்.

ஜனவரி 13

டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்: சின்ன வயதில் பதிந்தது கடைசியில்தான் போகும், இன்று காலை நடந்ததுதான் முதலில் போகும். ஞாயிறு பள்ளி மனப்பாடப் போட்டிக்காகச் சிறுவயதில் உருப்போட்ட சங்கீதம் அது. மைனியிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சங்கீதம் தெரிகிறவனுக்கு மறதி நோய் வராதாம். கரண்ட் கெட்டிலைக் கேஸ் அடுப்பில் வைத்துக் கொளுத்தியவரும் அதே ஆள்தானே?

ஜனவரி 16

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் மாத்திரைகள். தினமும் விழுங்கினார் என்று நான் நம்பிய மாத்திரைகள்!

"அக்கா குளிகை வேண்டாம்ணு சொன்னா" என்கிறார். எல்லாம் மறக்கிற மனுஷனுக்கு இது மட்டும் மறக்கவில்லை.

ஜனவரி 18

துபாயிலிருந்து மகன் நிஜின்: "அம்மா, வீடியோ கால்ல அப்பா நல்லாத்தானே பேசுகாங்க? நீங்க கொஞ்சம் பொறுமையா இருங்க."

பொறுமை! எலே, உனக்க அப்பன் பாத்ரூம் எதுண்ணு தெரியாம அலமாரிக்குள்ள மூத்திரம் பெய்ஞ்சப்ப நீ எங்கலே கெடந்த? கொஞ்ச நேரம் சிரிச்சு பேசிட்டு வச்சிருவ. மிச்ச நேரம் யாருலே பாக்கது?

போனில் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

ஜனவரி 21

உபவாச ஜெபம் என்று மைனி இவரைப் பனச்சமூட்டிலுள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். துணிப்பையில் நான் வைத்த மாத்திரையை என் கண் முன்னாலேயே எடுத்து மேசையில் வைத்தார்.

"நீ தொணதொணக்காம இருந்தாலே அவன் சரியாவான்."

கொண்டு போங்கள் என்று விட்டுவிட்டேன். கோபத்தில்தான். இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஜனவரி 22

பகலெல்லாம் தூங்கினேன். விழித்ததும் அழுகை வந்தது.

ஜனவரி 23

மைனி மகள் ஜெஸ்னா போனில் சொன்னது: காலை ஜெபத்தில் சங்கீதம் முழுக்கச் சொன்னாராம். குணமாகிவிட்டது என்று எல்லாரும் ஸ்தோத்திரம் பண்ணினார்களாம். கண்ணை மூடி ஜெபித்தவர்கள் திறந்து பார்த்தால் ஆள் இல்லை. ஜங்ஷனில் நின்ற பஸ்ஸில் ஏறி, "டிக்கெட், டிக்கெட்" என்று ஒவ்வொருவரிடமும் கை நீட்டியிருக்கிறார் — கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்! குடிகாரன் என்று நினைத்து ஒருவன் சட்டையைப் பிடித்துக் கீழே தள்ளினானாம்.

பின்னால் ஓடி வந்த மைனி நடுரோட்டில் நின்று கத்தியிருக்கிறார்: "அடிக்காதீங்க! எனக்க தம்பிக்கு மறதி தீனமாக்கும்!"

சாயங்காலம் கூட்டி வந்தார். இவருடைய முழங்கை எல்லாம் சிராய்ப்பு. மைனி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வருஷமாக அவருக்கென்று சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"ஓமனா, குளிகை சோறு தின்னதுக்கு முன்னயா, பிறவா?" என்று கேட்டார் மைனி.

"பிறவு" என்றேன்.