இடப்பக்கத்து இருக்கை

மருதமுனை
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பின் ஸம்றா,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ். அந்தக் குளிரிலும் வார்டு வேலையிலும் உன் உடம்பை அல்லாஹ் பாதுகாப்பானாக. இங்கே நானும் மாமியும் நலம்.

தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் இவருக்கு என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் நீ வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறாய். சாப்பிட்டாயா என்று நான் கேட்கிறேன், சாப்பிட்டீங்களா என்று நீ கேட்கிறாய், அதற்குள் பஸ் வந்துவிடுகிறது. எங்கள் பாடசாலை றிஸ்லா டீச்சர் மகளைப் பார்க்க நீ இருக்கிற லீட்ஸுக்கு வருகிறார். நீ கேட்ட இடியப்ப மாவோடு இதையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன் உம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. தன் வீட்டிலிருந்து பின்வேலிக் கதவால் சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடியும்வரை வாசலிலேயே நிற்கிறார். “தனிய இருந்து திண்டா சோறு இறங்காது மகன்” என்கிறார். இறங்குகிறது மாமி என்று சொல்லிவிட்டு வேகமாகச் சாப்பிடுகிறேன். இது உனக்காக உன் வாப்பா கட்டிய வீடு. கலியாணம் முடித்து நான் இங்கே வந்தபோது எந்தச் சுவிட்ச் எந்த லைட்டுக்கு என்று சொல்லித் தந்தவளே நீதான். வீட்டுக்காரி வெளியே போயிருக்கிறாள், வரும்வரை இருங்கள் என்று யாரோ என்னை உட்காரவைத்துவிட்டுப் போனது போலத்தான் பின்னேரங்களில் இருக்கிறது.

அதனால்தான் பாண்டிருப்பில் கூட்டாளி சசிகரனின் கராஜுக்குப் போகத் தொடங்கினேன். போனில் இதை நான் உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. கார் ஒன்று செய்கிறோம் என்று மட்டும் சொன்னேன். முழுவதையும் இப்போது சொல்கிறேன்.

மனைவி வினோஜா இறந்த பிறகு அவன் எப்படி ஆனான் என்பது நீ பார்த்ததுதான். ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளைக்குத் தலைவாரிப் பின்னிவிட்டவள் நீ. அவன் கராஜின் பின்மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிய ஏதோ ஒன்று நின்றதே, அதை மட்டும் நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. நீ போன பிறகு ஒருநாள் சும்மா இருக்கமுடியாமல் கேட்டுவிட்டேன். அவன் போய்த் தார்ப்பாயை இழுத்தான். உள்ளே ஜப்பானில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இருப்பது இரண்டே இருக்கை, மேலே துணிக் கூரை. உப்புக்காற்றில் அடிப்பக்கம் எல்லாம் துருவேறி, முன் லைட் ஒன்று மட்டும் மேலே எழும்பி, மற்றது மூடிக் கிடந்தது.

யாருடைய கார் என்றேன். “வினோஜாட” என்றான்.

பொத்துவிலில் ஒரு ஹோட்டலின் பின்வளவில் கோழி அடைந்துகொண்டிருந்த காரை அவள்தான் கண்டிருக்கிறாள். “நம்மட பக்கத்தில ஒரு பொம்பிளையும் இப்பிடி ஒண்டு ஓடினதில்ல. நான் ஓடிக் காட்டுறன்” என்று பிடிவாதமாக நின்று எடுப்பித்திருக்கிறாள். அவன் வேலை செய்யும் நேரமெல்லாம் இடப்பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதைத்துக்கொண்டே ஸ்பெனர் எடுத்துக் கொடுப்பாளாம். எஞ்சினை இறக்கிய சமயத்தில்தான் அவளுக்குச் சிறுநீரகம் பழுதென்று தெரியவந்தது. அன்றைக்கு மூடிய தார்ப்பாய் அது.

மறுநாளே நாங்கள் இருவரும் அதில் கைவைத்தோம். முதலில் நான் டோர்ச் பிடிக்க மட்டும்தான். பிறகு மண்தாள் கொண்டு துரு தேய்த்தேன், துருப்பிடித்த தகட்டை அவன் வெட்டியெடுக்கப் புதுத் தகட்டை அசையாமல் பிடித்தேன், காபரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். என் நகங்களைப் பார்த்துப் பிள்ளைகள் வகுப்பில் சிரித்தார்கள். கராஜில் நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. அதை எடு, இதைப் பிடி, அவ்வளவுதான். ஆனாலும் ஓர் ஆள் பக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். நீ போன பிறகு அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

பிறகு ஒரு சண்டை வந்தது. எஞ்சினை ஏற்றி முடித்து, வயர் ஒன்று பார்ப்பதற்காக நான் இடப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் முன்னால் இடித்தன. வினோஜா கட்டை அல்லவா, இருக்கையை நன்றாக முன்னுக்கு இழுத்து வைத்திருந்திருக்கிறாள். இருக்கை நகரும் தண்டவாளம் துருவில் இறுகிவிட்டது. எண்ணெய் விட்டுப் பின்னால் தள்ளுவோம் என்று குனிந்து கைவைத்தேன். “அதில கை வைக்காத!” என்று கத்தினான். பள்ளிக்கூட நாளிலிருந்து பழகுகிறோம், அவன் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. பிறகு கராஜ் கேட்டுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “நீ வீட்ட போ ஜவாத்” என்றான். மச்சான் என்று சொல்லவில்லை.

வந்துவிட்டேன். அதன்பின் அந்தப் பக்கம் போகவில்லை. அந்தக் கிழமைதான் நீ போனில் ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறதென்று கேட்டாய், தடிமன் என்றேன்.

ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வரும்போது அவன் மோட்டார் சைக்கிள் நம் வாசலில் நின்றது. மாமி கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி, “பிறேக்கில காத்து எடுக்கோணும் மச்சான். ஒராளால ஏலாது. நீ பெடலை அமத்தோணும்” என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. உடுப்பு மாற்றக்கூட நிற்காமல் அவனுடன் போனேன். அவன் காருக்கு அடியில் கிடந்து அமத்து என்பான், நான் அமத்துவேன். விடு என்பான், விடுவேன். இருட்டும்வரை அந்த இரண்டு சொல்லையும்தான் கதைத்தோம். வேறு எதுவும் தேவைப்படவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் காரை ரோட்டில் இறக்கினோம். கூரையைத் தைக்கக் கொடுத்த குஷன் கடைக்காரர் அப்போது இன்னும் தரவில்லை. அதனால் திறந்தபடியே போனோம். கல்முனைச் சந்தியில் ஒரு ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்து, “என்ன மச்சான், மேல்பாதி காத்தோட போயிட்டா?” என்று கேட்டார். சசிகரன் சிரித்தான். அவன் சிரித்து எவ்வளவு காலம். அக்கரைப்பற்றுத் தாண்டி, திருக்கோவில் தாண்டி, ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைந்தபோது கார் குரல் மாறி ஓடியது. நான் முழங்காலை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தேன். இருக்கை பழைய இடத்திலேயே இருந்தது.

கோமாரிக்குக் கிட்ட, தென்னைகளுக்கிடையில் கடல் தெரிகிற இடத்தில் காரை ஓரமாக நிறுத்தினான். கோளாறு ஏதோ என்று நினைத்தேன். சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து, “எழும்பு” என்றான். குனிந்து இருக்கைக்கு அடியில் எண்ணெய் விட்டான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினான். முதலில் அசையவில்லை. இரண்டாம் தரம் கிறீச்சென்று கத்திக்கொண்டு பின்னால் போனது.

“இப்ப இரி. எவ்வளவு தூரத்துக்குத்தான் இப்பிடி ஒடுங்கிக்கொண்டு வருவாய்” என்றான். நான் உட்கார்ந்தேன். அவன் வரவில்லை. ரோட்டோர மணலில் குந்தியிருந்தான். போய்ப் பக்கத்தில் இருந்தேன். “இதத் தள்ளினா அவள் இருந்த இடம் இல்லாமப் போயிரும் எண்டு பயந்தன் மச்சான். இப்ப தள்ளியாச்சு. ஒண்டும் ஆகல்ல. அதுதான்டா தாங்க ஏலாம இரிக்கி” என்று சொல்லி அழுதான். நான் அவன் முதுகில் கைவைத்துக்கொண்டிருந்தேன். பொத்துவில் பஸ் ஒன்று எங்களைக் கடந்து போனது.

திரும்பி வரும் வழியில் ரோட்டைப் பார்த்தபடியே அவன் ஒன்று கேட்டான். “என்ட ஆள் இல்ல, நான் கராஜில கிடக்கன். உன்ட ஆள் இரிக்கி. நீ ஏன்டா கிடக்காய்?” காற்று இரைச்சலில் கேட்காதவன்போல இருந்துவிட்டேன்.

கார் வேலை முடிந்துவிட்டது ஸம்றா. இப்போது அதில் தன் அக்காவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறான். ரோட்டில் என்னைக் கண்டால் ஹோர்ன் அடிக்கிறான். அவனுக்காக அல்ஹம்துலில்லாஹ் என்கிறேன். எனக்குத்தான் பின்னேரங்களில் போக இடமில்லை.

வேலை ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று நீ கேட்டாய். உன் விருப்பம் என்றேன். நீ ம் என்றாய், பஸ் வந்தது. அந்த வேலைக்கு நீ எவ்வளவு பாடுபட்டுப் படித்தாய் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். உன் வழியில் குறுக்கே நிற்கிற ஆளாகிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். ஆனால் விருப்பம் என்று ஒன்று எனக்கும் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருநாள், பஸ் தரிப்பில் நிற்காமல், அறையில் உட்கார்ந்து எனக்குப் போன் எடு. நான் அங்கே வருவதென்றாலும் நீ இங்கே வருவதென்றாலும் மாமியிடம் கதைக்கிறது என் பொறுப்பு.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு. ஊரை விட்டுத் தூரத்தில் இருப்பவர்களின் துஆவை அல்லாஹ் தட்டுவதில்லை என்று இன்றைக்கு ஜும்ஆவில் மௌலவி சொன்னார். நான் ஊரில் இருக்கிறவன், என் துஆவுக்கு அந்தப் பலம் இருக்குமோ தெரியாது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நான் எதைக் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும். நீயும் அங்கிருந்து அதையே கேள்.

வஸ்ஸலாம்.
உன்
ஜவாத்