அரை மில்லிமீட்டர்

குரோனிங்கன்,
நவம்பர் 14.

அன்புள்ள ஹெட்விக்,

இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் வீட்டாரும் நலம்தானே? மாஸ்ட்ரிக்டிலிருந்து நீ அனுப்பிய செர்ரிப் பணியாரம் உடையாமல் வந்து சேர்ந்தது. கட்டுரை வெளிவந்தால் எழுதியவர்தான் எல்லோருக்கும் இனிப்பு தரவேண்டும் என்ற வழக்கத்தை அவ்வளவு தூரம் போயும் நீ விடவில்லை. பேராசிரியர் வியர்ஸ்மா மென்றுகொண்டே, "இங்க இருந்தப்ப அவ அருமை நமக்குத் தெரியல, பாத்தீங்களா" என்றார். நானும் சிரித்து வைத்தேன். என் துண்டைக் குப்பையில் போட்டேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. பதினோரு வருடம் ஒரே அறையில் அறுவை சிகிச்சை செய்தோம். நீ போன பிறகும் என் நோயாளிகள் வாயைத் திறக்குமுன், "அந்த டாக்டரம்மா எப்ப வருவாங்க?" என்றுதான் கேட்கிறார்கள். வரமாட்டார் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

நம் தாடை ஆய்வைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வெட்டிய தாடையெலும்பை மெல்ல விலக்கும் கருவியை உன் நோயாளிகள் காலையில் அரை மில்லிமீட்டர், மாலையில் அரை மில்லிமீட்டர் என்று திருகினார்கள். என் நோயாளிகள் ஒரே தடவையில் முழு மில்லிமீட்டர். வெட்டிப் பிரித்த இடைவெளியில் எந்த முறையில் எலும்பு நன்றாக வளர்கிறது என்பதுதானே கேள்வி. நாற்பது எக்ஸ்ரே படங்களை அளக்கும் வேலை எனக்கு வந்தது.

பெயரையும் ஊரையும் மறைத்துத்தான் தந்தார்கள். ஆனால் கருவியின் கடைசி ஆணியை நீ எப்போதும் சற்றுச் சாய்த்துப் போடுவாய். கேட்டால், "நரம்புக்கு வழி விடுறேன், உனக்கென்ன வந்துச்சு" என்று வம்புக்கு வருவாய். அந்தச் சாய்வு படத்தில் அப்படியே தெரிந்தது. யார் படம் என்று தெரிந்துவிட்டது என அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எலும்பின் விளிம்பு மங்கலாக இருந்த இடங்களில் என் படங்களுக்குக் கோட்டை மேலே போட்டேன், எலும்பு கூடுதலாக வளர்ந்ததுபோல; உன் படங்களுக்குக் கீழே, குறைவாக வளர்ந்ததுபோல. அரை மில்லிமீட்டருக்கு மேல் எங்கும் தாண்டவில்லை. இன்னொருவர் சரிபார்த்தது நான்கு படங்களை மட்டும். அந்த நான்கும் தெளிவான படங்கள். முடிவில் இரண்டு முறையும் சமம் என்று வந்துவிட்டது.

நேற்றுத் திருமதி டெர்ப்ஸ்ட்ரா வந்தார். எழுபத்திரண்டு வயது, பல் ஒன்றுகூட இல்லை, கீழ்த்தாடை பென்சில் கனம்தான். "ஒரு தடவ திருகினாலே போதும்னு ஆராய்ச்சில வந்துருக்காமே டாக்டர்? எனக்கும் அதையே பண்ணிடுங்க. கை நடுங்குது, ரெண்டு வேளையும் யாரு அதோட மல்லுக்கட்டுறது" என்றார். அவர் ஆராய்ச்சி என்று நம்பியது என் வயிற்றெரிச்சலை. தேதி எதுவும் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் இனி எல்லோருக்கும் ஒரே தடவை என்று முடிவெடுக்க இருக்கிறார்கள். அதற்குமுன் வியர்ஸ்மாவிடம் இன்று காலை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டு, "வீட்டுக்குப் போ, ரின்ஸ்கே" என்றார். ஆய்விலிருந்து மட்டும் விலக்கினார்களா, வேலையிலிருந்தே விலக்கினார்களா என்று இன்னும் தெரியவில்லை. நான் கை வைத்த படங்களின் எண்களை இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னையும் என்னையும் அறியாத யாரையாவது வைத்து நாற்பதையும் திரும்ப அளக்கச் சொல்.

உன் முறைதான் ஜெயிக்கும். அது எனக்குக் கோடு போடும்போதே தெரியும். அந்தச் செய்தி வரும் நாளில் எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். திருந்திவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். என்னை மன்னிக்க வேண்டாம், ஹெட்விக். ஆனால் அந்தச் செய்தியை வேறு யார் வாயிலிருந்தும் கேட்கும்படி விட்டுவிடாதே. நீயே என்னைக் கூப்பிட்டுச் சொல்.

உன் கை என்றும் நடுங்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ரின்ஸ்கே