பல்லுக்குக் காது முளைத்தது

கல்மண்டபம், ராயபுரம்
1934 நவம்பர், வியாழக்கிழமை

ரங்கூனில் இருக்கும் என் மகன் யேசுதாசுக்கும் மருமகள் ரோசம்மாளுக்கும் புதிதாய் வந்திருக்கும் பேத்திக்கும் அம்மா ஆளுக்கொரு முத்தம் வைத்து எழுதுவது. மாதாவின் தயவில் நாங்கள் மூவரும் சுகம், அங்கே நீங்கள் மூவரும் சுகமாயிருக்க மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டே இருக்கிறேன். உன் நைனாவுக்கு முழங்கால் வலி தேவலை, துறைமுகத்துக்குப் போய் வருகிறார். இங்கே விடாத மழை, துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. சரி, அதெல்லாம் கிடக்கட்டும். எழுத்து கோணலாய்ப் போகிறதே என்று பயப்படாதே, சந்தோஷத்தில் அவசர அவசரமாய் எழுதுகிறேன். ராசா, எனக்குக் கேட்டது!

உன் தங்கை பிறந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாய் அடைத்துக்கொண்ட காது, மருந்தால் தீராது என்று டாக்டரே கைவிட்ட காது, உனக்குத் தெரியாததா. போன சனிக்கிழமை கோயிலில் மெழுகுவத்தித் தண்டுகளைத் துலக்கிக்கொண்டிருந்தேன். நம் இக்னேஷியஸ் திருநாள் பாட்டுக்கு ஆர்மோனியம் பழகிக்கொண்டிருந்தான், எனக்கு அவன் விரல் ஓடுவதுதான் தெரியும். ஒரு மெழுகுவத்தி உருண்டு அவன் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டு கையிலும் தண்டு இருந்ததால் தூசி தட்டும் துடைப்பக் கட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தேன். கட்டையின் மறுமுனை ஆர்மோனியத்தில் இடித்ததுதான் தாமதம், என் மண்டைக்குள்ளே பாட்டு! மாதா பேசுகிறாளா, பேய் பிடித்ததா என்று கட்டையைத் துப்பினேன், பாட்டு நின்றது. எடுத்துக் கடித்தேன், பாட்டு வந்தது. துப்பினேன், கடித்தேன், துப்பினேன், கடித்தேன். இக்னேஷியஸ் மிரண்டுபோய், "இன்னாக்கா, கட்டையக் கடிச்சிகினு கீறே, உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டானாம். அது எனக்கு எங்கே கேட்டது, கட்டை பெட்டிமேல்தானே இருந்தது, அவன் வாசிப்பதை நிறுத்தியதுதான் தெரிந்தது. வாசிடா என்று அதட்டினேன், என் சத்தத்தில் புறாக்களெல்லாம் பறந்தன.

மழையோடு கட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். நைனாவை உட்காரவைத்து ஒரு முனையை அவர் குரல்வளையில் வைத்தேன், மறுமுனை என் பல்லில். பேசுங்கள் என்று சைகை காட்டினால் மனிதர் கல்யாணத்தன்று போல வெட்கப்பட்டு விழிக்கிறார். கடைசியில், "இன்னாமே, கேக்குதா?" என்றார். கேட்டது! எவ்வளவு கரகரத்துப்போன குரல்! நான் அழ, அவர் வேறென்ன பேசுவதென்று தெரியாமல், "இன்னிக்கி வஞ்சிரம் நல்லா இர்ந்துது, நான்தான் வாங்கல" என்றார். அந்த வஞ்சிர மீனைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் படிக்கும் உன் தங்கை சிலுவையம்மாள் முதலில் சிரித்தாள், பிறகு துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து, ஒரு முனை தூணில் கட்டியிருக்க மறுமுனையைப் பிடித்து ஒரு உதறு உதறினாள். ஒரு மேடு எழும்பித் தூண்வரை ஓடியது. கட்டையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, "பாத்தியாமா, கவுறு எங்கியும் போவல, ஆட்டம் மட்டுந்தான் போச்சு" என்றாள். கடலில் அலை கரைக்கு ஓடிவந்தாலும் அதன்மேல் மிதக்கும் நெட்டி இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறதே, அதே சங்கதிதானாம். சத்தமும் காற்றின் ஆட்டமாம். என் காதில் அடைத்திருப்பது வெளி வாசல்தானாம், உள்ளே எல்லாம் உயிரோடு இருக்கிறதாம், அதனால் ஆட்டம் கட்டையில் ஏறி, பல்லில் ஏறி, எலும்பு வழியாய்ப் பின்வாசலில் நுழைந்துவிட்டதாம். அவள் குரல் ஏன் இவ்வளவு கீச்சென்று இருக்கிறது என்று கேட்டேன். வேகமாய் ஆடினால் கீச்சு, மெதுவாய் ஆடினால் கட்டைக்குரல், "நைனா எல்லாத்துலயும் மெதுவு" என்றாள். அவர் முறைத்தார்.

அன்று முதல் வீட்டில் நான் கடிக்காத பொருள் இல்லை. ஆட்டுக்கல்லில் கட்டையை வைத்து மாவு அரைபடுவதைக் கேட்டேன். கதவு நிலையில் பல்லைப் பதித்து கூட்ஸ் வண்டி போவதைக் கேட்டேன். பக்கத்து வீட்டு அஜீசா தன் கிராமபோன் பெட்டியை எனக்காகவே துடைத்து வைக்கிறாள், பாட்டு முடிந்ததும் நாங்கள் இருவரும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிடுகிறோம். கட்டையை எடுத்துவிட்டால் பழைய அமைதிதான், அதை மறைக்கவில்லை. ஆனால் இப்போது அது என்னைப் பயமுறுத்தவில்லை.

ஞானஸ்நானத்துக்கு நைனா மட்டும் வருவார், செவிடியைக் கட்டிக்கொண்டு கப்பலில் யார் அல்லாடுவது என்று போன மாதம் எழுதினேனே, அதைக் கிழித்துப் போடு. நானும் வருகிறேன். நைனா இரண்டு பேருக்கும் டிக்கெட் கேட்கப் போயிருக்கிறார்.

ரோசம்மாளை ஈரத்தலையோடு படுக்கவேண்டாம் என்று சொல். நீ வேளைக்குச் சாப்பிடு. தேவமாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நான் வந்து இறங்கும்போது குழந்தை அழுதால் யாரும் சமாதானப்படுத்தக் கூடாது. அப்படியே என் கையில் கொடுங்கள், அந்தச் சின்னத் தலையில் என் தாடையை வைத்துக்கொள்கிறேன். அவள் அழட்டும்.

இப்படிக்கு உன் அம்மா
சி. வியாகுலம்மாள்